செல்லரித்த ஏடும் ஒரு பச்சை அட்டை நோட்டும்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் கேட்டதால் இங்கே தருகிறேன். பேச்சில் நேரமில்லாமல் விட்ட சில தகவல்களையும் சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, "சார், ஒரு பதினைஞ்சு நிமிஷம் நம்ம ஊர்ப் பெருமையைப் பத்திப் பேசணும். தலைப்பு உங்க இஷ்டம். பராமரிப்புக் கட்டணம் பத்தி மட்டும் வேண்டாம்" என்றார். ஒப்புக்கொண்டேன். அவர் போன பிறகுதான் யோசனை வந்தது. நம்ம ஊர்ப் பெருமை என்றால் எதைச் சொல்வது?

நம்மில் பலரும் வெளியூர்க்காரர்களிடம் பேசும்போது பெரம்பலூரை எப்படி அறிமுகப்படுத்துகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். "திருச்சிக்கும் சென்னைக்கும் நடுவுல, பஸ் டீக்கு நிக்குமே, அந்தப் பக்கம்" என்கிறோம். அரியலூர்க்காரர்கள் "சிமென்ட் ஊர்" என்கிறார்கள். வறண்ட பூமி, சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி, சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரி, வேப்பிலை மேல் படிந்த சாம்பல் நிறப் புழுதி. இவ்வளவுதான் நம் ஊர் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம்.

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சொல்லலாம்தான். இராசேந்திரன் கட்டிய கோயில், 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, எல்லாம் உண்மை. ஆனால் அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கோயிலுக்கு அருகில் மாளிகைமேடு இருக்கிறது. அங்கே நிற்பவர்கள் குறைவு. ஒரு பேரரசின் அரண்மனை இருந்த இடத்தில் இன்று செங்கல் அடித்தளம் மட்டும் தரையோடு தரையாகத் தெரிகிறது. கோயிலின் மதிலும் கோபுரமும்கூட முழுசாகத் தப்பவில்லை. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்களே, அதற்குக் கல் இங்கிருந்துதான் போனது. அணை கட்டியதைக் குறை சொல்ல முடியாது, பாசனத்துக்குத்தான் போனது. ஆனாலும் கோபுரம் போனது போனதுதான்.

நான் இன்று பேச நினைப்பது வேறு ஒரு சிதைவைப் பற்றி. அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பூர்வீகம் குன்னம் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். என் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார். நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். எங்கள் வீட்டு அடுப்படிக்கு மேலே ஒரு பரண் உண்டு. அதில் உடைந்த ஏர்க்கலப்பை, பழைய முறம், ஓட்டைக் குதிர் மூடி இவற்றோடு, துணியில் சுற்றிய நாலைந்து ஓலைக்கட்டுகளும் கிடந்தன. நாங்கள் அதைத் தொட்டதில்லை. தொட்டால் கையில் பூச்சித் தூள் ஒட்டும்.

1974ஆம் வருஷம் என் அக்காவுக்குக் கல்யாணம். எனக்குப் பதினாறு வயது. வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடிக்கிறோம். பரணை ஒழிக்கும் வேலை எனக்கு. மாப்பிள்ளை வீட்டார் முதல்நாளே வந்துவிட்டார்கள். வெந்நீர் அடுப்புக்கு விறகு போதவில்லை. பரணிலிருந்து இறக்கிய சாமான்களோடு அந்த ஓலைக்கட்டுகளும் முற்றத்தில் கிடந்தன. ஓலை நன்றாக எரியும் என்று எனக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்துப் போட்டேன்.

அம்மா அண்டாவில் தண்ணீர் ஊற்ற வந்தார். கடைசிக் கட்டு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "அதுல தாத்தா கை இருந்துச்சுடா" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

கை என்றால் கையெழுத்து. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

சில வருஷம் கழித்து நான் தமிழ் படிக்கப் போனேன். அங்கேதான் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' கைக்கு வந்தது. 1940இலிருந்து ஆனந்த விகடனில் வாரா வாரம் அவர் எழுதியது. முடிப்பதற்குள் 1942இல் காலமானார். 1950இல் நூலாக வந்தது. 'தமிழ்த் தாத்தா' என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அவர்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர், கும்பகோணத்தில் வேலை பார்த்தவர், நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தேன். கொஞ்சப் பக்கம் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரியலூர் வருகிறது. உடையார்பாளையம் வருகிறது. குன்னம் வருகிறது! எங்கள் குன்னம். பெரம்பலூருக்குப் பக்கத்துச் செங்கணம் வருகிறது. இன்று நாம் செங்குணம் என்று சொல்கிறோமே, அந்த ஊர்.

1855இல் பிறந்த அந்தப் பையனின் சிறுவயதில் பெரும்பகுதி இந்தப் புழுதியில்தான் கழிந்திருக்கிறது. ஏன் இங்கே வந்தார்கள் என்றால், வேறு வழியில்லாமல். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். உடையார்பாளையம் ஜமீனில் வித்துவானாக விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்றவர். கிருஷ்ணையர் அவருக்கு அம்மான் முறை. கன மார்க்கம் என்பது அடிவயிற்றிலிருந்து கனமாக எழுப்பிப் பாடும் முறை, எல்லாருக்கும் வாய்க்காது. அப்படிப்பட்டவரிடம் கற்றும் வேங்கடசுப்பையருக்கு நிலையான வருமானம் இல்லை. அந்தக் காலத்தில் பாட்டுக்குச் சோறு போட்டவர்கள் ஜமீன்தார்கள். பாளையமாக இருந்தவை ஜமீனாகிச் சுருங்கி, ஜமீன்களும் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆதரிப்பவர்கள் நொடித்தால் வித்துவான் தெருவுக்கு வரவேண்டியதுதான்.

அதனால் குடும்பம் ஊர் ஊராகப் போயிற்று. அருணாசல கவியின் இராம நாடகக் கீர்த்தனைகளைக் கதையாகச் சொல்லி, பாடி, ஊரார் கொடுக்கிற நெல்லையும் பணத்தையும் வைத்துக் காலம் தள்ளினார் தந்தை. ஓர் ஊரில் கதை முடிந்தால் அடுத்த ஊர். நம் வீடுகளில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புப் படிக்கும்போது வேலை மாற்றல் வந்தால் எப்படித் துடிக்கிறோம்? அந்தப் பையனுக்கு நிரந்தரப் பள்ளிக்கூடமே கிடையாது. புத்தகம் வாங்கக் காசு இல்லை. காசு இருந்தாலும் கடை இல்லை.

ஆனால் ஒன்று கிடைத்தது. போன ஊரில் எல்லாம் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தார்.

அரியலூரில் சடகோபையங்கார் என்று ஒருவர். அவரும் வசதியானவர் அல்லர். தமிழ்ப் பாட்டில் சுவை என்று ஒன்று இருக்கிறது என்பதை அந்தப் பையனுக்கு முதலில் காட்டியவர் அவர்தான். ஒரு செய்யுளை எடுத்தால் பொருள் சொல்லிவிட்டு விட்டுவிடமாட்டார். அதிலேயே திளைத்து நெடுநேரம் பேசுவார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். அவர் வேளாண்மைக் குடும்பத்துக்காரர், ஊரில் செல்வாக்குள்ளவர், அதோடு இலக்கணத்தில் ஊறியவர். யாப்பருங்கலக் காரிகையை அவரிடம்தான் பாடம் கேட்டார் சாமிநாதன். நினைத்துப் பாருங்கள். பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், 150 வருஷத்துக்கு முன்னால், ஒரு விவசாயி வீட்டில் யாப்பிலக்கணம் நடக்கிறது. இவர்கள் யாருக்கும் பட்டமில்லை, சம்பளமில்லை. பையன் கேட்டான், அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

நம்ம ஊர்ப் பெருமை எது என்று செயலாளர் கேட்டதற்கு இதுதான் என் பதில். அந்த மூன்று பேர்.

1871இல் பையன் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவனாகச் சேர்ந்தார். அங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. எனக்கு அது மறக்காது. தந்தையின் விருப்பப்படி அங்கிருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்கப் போனார். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டிலும் கால் வைத்தால் தமிழ் போய்விடும் என்ற எண்ணம். மாணவர் சங்கீதத்தை நிறுத்திவிட்டார். பரம்பரையாக வந்த பாட்டுக் குரலை அவர் அங்கேயே இறக்கி வைத்தார். பிற்காலத்தில் கனம் கிருஷ்ணையரின் வரலாற்றையும் கீர்த்தனங்களையும் தேடித் தொகுத்து நூலாக்கினார் என்றால், அந்தக் கடன் மனசில் இருந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சாமிநாதையருக்குத் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அதே வருஷம் அக்டோபர் 21ஆம் தேதி, அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவ்வளவுதானா, இதற்கெல்லாம் மூலமான பழைய நூல்கள் என்ன ஆயின, சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. கண்ணால் பார்த்ததும் இல்லை. நாடறிந்த ஒரு பெரும்புலவரிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவருக்கே அந்தப் பெயர்கள்தான் தெரியும். தமிழ் அன்றைக்கு அந்த நிலையில் இருந்தது.

நூல்கள் எங்கே போயின? பரணில் இருந்தன. எங்கள் வீட்டுப் பரண் மாதிரி ஆயிரம் பரண்களில்.

ஓலைச்சுவடி எப்படி அழிகிறது என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். பனையோலையை வேகவைத்து, உலர்த்தி, தேய்த்துப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். எழுத்து தெரிய மையும் இலைச்சாறும் தடவுவார்கள். எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் சில நூற்றாண்டுதான். அதற்குள் வேறொருவர் புதிய ஓலையில் பிரதி எடுத்துவிட வேண்டும். ஒரு தலைமுறை பிரதி எடுக்காமல் விட்டால் போதும். செல்லும் இராமபாணப் பூச்சியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தீ வைக்க வேண்டாம், கிழிக்க வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

தப்பித்த ஏட்டைப் படிப்பதும் லேசான காரியமில்லை. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். எகரம் ஏகாரம் வித்தியாசம் தெரியாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். பாட்டு எது, உரை எது என்று பிரிக்காமல் வரி தொடர்ந்து ஓடும். எழுதியவர் ஒரு சொல்லைத் தவறாக எழுதியிருந்தால் பிரதி எடுத்த ஐந்து பேரும் அதையே எழுதியிருப்பார்கள். ஓரம் ஒடிந்து போன இடத்தில் பாதிச் சொல் நிற்கும்.

சிந்தாமணியை எடுத்துக்கொண்டு இவர் திண்டாடியபோது கைகொடுத்தவர்கள் கும்பகோணத்துச் சமணர்கள். சைவ மடத்தில் வளர்ந்தவர் சமணர் வீட்டுக்கு நடந்தார். அங்கே அது பாடபுத்தகமல்ல. வீட்டில் வைத்து வாசித்து, வாசித்து முடித்ததைக் கொண்டாடுகிற நூல். புலவர்கள் மறந்ததை ஒரு சிறு கூட்டம் வாயாலும் வழக்கத்தாலும் காப்பாற்றி வைத்திருந்தது. ஐயம் கேட்டால் தெளிவு சொன்னார்கள். அதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் நூற்பெயர் சொல்லாமல் பழைய பாட்டு வரிகளை ஆங்காங்கே எடுத்துக்காட்டுவார். இந்த வரி எந்த நூல்? அதைத் தேடிப் போனதில்தான் பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் இவர் கையில் ஒவ்வொன்றாக அகப்பட்டன. சிந்தாமணி 1887இல் அச்சானது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. கையில் காசு கிடையாது. முன்கூட்டியே கையொப்பம் வாங்கி, கடன் வாங்கி, கல்லூரி விடுமுறையில் சென்னைக்கு ஓடி அச்சுப்பிழை திருத்தி நடந்த வேலை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மேடைகளில் எல்லாவற்றையும் இவர் ஒருவரே மீட்டதுபோல் பேசிவிடுகிறோம். யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை இவருக்கு மூத்தவர்; கலித்தொகையை அதே 1887இல் பதிப்பித்தவர். ஏடுகள் அழிகிற நிலையைப் பார்த்து அவர் தம் பதிப்புரையில் புலம்பியிருப்பதை உங்களில் தமிழ் படித்தவர்கள் அறிவீர்கள். அவரையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஏடு தேடிப் போன கதைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் நிறைய இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிறார். அங்கே இருந்தவர் சொன்னார்: பழுதான ஏடுகளைக் குப்பையில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட வேண்டும் என்று சாத்திரம் இருக்கிறதாம், அப்படியே செய்துவிட்டார்களாம். வேறு சில ஊர்களில் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டார்கள்.

இதை நான் முதன்முதலில் படித்தது விடுதி அறையில், இரவு. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். கோயில்காரர்களாவது நெய் ஊற்றி, மந்திரம் சொல்லி, மரியாதையாக அனுப்பினார்கள். நான் மாப்பிள்ளை வீட்டாருக்குக் குளிக்க வெந்நீர் போட்டேன்.

அந்தக் கட்டுகளில் என்ன இருந்தது? தெரியாது. பெரிய நூல் எதுவும் இருந்திருக்காது என்று நண்பர்கள் ஆறுதல் சொல்வார்கள். சரிதான். எண்சுவடியாக இருந்திருக்கலாம், ஆத்திசூடியாக இருந்திருக்கலாம், வைத்தியக் குறிப்பாக, யாருக்கு எவ்வளவு நெல் பாக்கி என்ற கணக்காக இருந்திருக்கலாம். உ.வே.சா.வுக்கும் ஆவலோடு அவிழ்த்த கட்டுகளில் பாதி அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் அவிழ்த்துப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. எனக்கு வலிப்பது அந்த இடம்தான்.

அவர் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? அவர் கண்டுபிடித்த வரிகளை எல்லாரும் பாராட்டுகிறார்கள். குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர் வரிசையாக வரும் இடம் இருக்கிறதல்லவா, கிடைத்த ஏடுகளில் அதில் ஒரு பகுதி சிதைந்திருந்தது. தருமபுரம் ஆதீனத்து ஏடுகளைக் குடைந்து அந்த இடத்தை நிரப்பினார். சில பூக்களின் பெயருக்காக அவ்வளவு அலைச்சல். அழகான கதைதான். ஆனால் நான் வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டியது வேறு. புறநானூற்றைப் புரட்டினால் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. எங்கும் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுகளில் நடுநடுவே வெறும் புள்ளிகள் இருக்கும். ஏடு ஒடிந்த இடம், பூச்சி தின்ற இடம், எழுத்து மங்கிய இடம்.

அவர் நினைத்திருந்தால் நிரப்பியிருக்கலாம். செங்கணத்தில் யாப்புப் படித்தவர், ஒரு மகாவித்துவானின் மாணவர். அசையும் சீரும் பொருந்த இரண்டு வரி எழுத அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? யாருக்கும் தெரிந்திருக்காது. எழுதவில்லை. இல்லாததை இல்லை என்றே அச்சடித்தார். என் மாணவன் ஒருவன் அந்தப் புள்ளிகளைப் பார்த்து, "சார், இங்க ஒருத்தர் பேச ஆரம்பிச்சு பாதியில நின்னுட்டாரு" என்றான். இருபத்தெட்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். இதைவிட நல்ல உரை எனக்குத் தோன்றியதில்லை.

உலக யுத்த காலத்தில் சென்னையில் குண்டு விழும் என்ற பயத்தில் ஊரே காலி செய்தபோது, 87 வயதில் இவரும் திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். அங்கேதான் 1942 ஏப்ரல் 28இல் உயிர் பிரிந்தது. அவர் ஏடுகளோடு வாழ்ந்த திருவல்லிக்கேணி வீடு, 'தியாகராச விலாசம்', 2012இல் இடிக்கப்பட்டது. ஆமாம், 2012இல்தான். ஓமத்தில் போட்டவர்களைக் குறை சொல்ல நமக்கு அவ்வளவு தகுதி இல்லை.

சரி, இதையெல்லாம் இங்கே, நம் சங்கக் கூட்டத்தில் ஏன் பேசுகிறேன் என்று கேட்பீர்கள்.

நம் வாசக அறை உங்களுக்குத் தெரியும். பெயர்தான் வாசக அறை. மோட்டார் அறைக்குப் பக்கத்துக் கொட்டகை. போன டிசம்பர் மழையில் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பகுதி கசிந்து இரண்டு அலமாரியும் நனைந்துவிட்டது. யார் மேலும் குற்றமில்லை; சாவி யாரிடம் என்று தெரியாமல் ஒரு மாதம் திறக்காமலே விட்டது நாம் எல்லாரும்தான். கடந்த கூட்டத்தில் நனைந்ததை எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. நானும் கை தூக்கினேன்.

மறுநாள் காலையில் ஆள் வருவதற்கு முன் சும்மா ஒரு தடவை பார்க்கலாம் என்று போனேன். வார இதழ்கள், போட்டித் தேர்வுக் கையேடுகள், யாரோ கொடுத்த கலைக்களஞ்சியத்தில் மூன்று தொகுதிகள். பாதி பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்கு நடுவே ஒரு நோட்டு. பச்சை அட்டை, கோடு போட்டது, 80 பக்கம். எப்படி அங்கே வந்தது என்று தெரியவில்லை. வீட்டைக் காலி செய்தவர் யாராவது மற்ற புத்தகங்களோடு சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

பிரித்தேன். முதல் பாதி கோலம். புள்ளி வைத்து, நேர்ப்புள்ளி எது ஊடுபுள்ளி எது என்று ஓரத்தில் குறித்து, ஒவ்வொன்றும் எந்த விசேஷத்துக்கு என்று எழுதிய கோலங்கள். பின்பாதி பாட்டு. நலுங்குப் பாட்டு, தாலாட்டு, கும்மி, கடைசியில் நான்கு பக்கம் ஒப்பாரி. எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்தது போலத் தெரியவில்லை. ஊர்ப் பேச்சிலேயே எழுதியிருக்கிறது. எழுத்துப் பிழை நிறைய. அதிகம் படிக்காத ஒரு அம்மா, அடுப்பு வேலைக்கு நடுவே, ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். சில பக்கத்தில் எண்ணெய்க் கறை.

ஒப்பாரிப் பக்கத்தில் அடித்தல் திருத்தல் அதிகம். ஒரு வரியை மூன்று முறை எழுதி அடித்திருக்கிறார். அது யாருக்காகப் பாடியது என்று தெரியவில்லை. ஆனால் ஊர் வழக்கத்தில் வருகிற சொல் அங்கே திடீரென்று மாறுகிறது. அவருடைய சொந்த வீட்டுச் சாமான்களின் பெயர் வருகிறது. பம்பு செட்டு வருகிறது, டி.வி.எஸ். வண்டி வருகிறது. நான் அங்கேயே, அந்த ஈரக் கொட்டகையில், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பழைய பேப்பர்க்காரர் வந்து "தூக்கலாமா சார்" என்று கேட்டபோது அம்மா குரல்தான் காதில் விழுந்தது.

என் அம்மாவும் பாடுவார். அக்கா கல்யாணத்தில் நலுங்கு பாடியது அம்மாதான். அப்பா போனபோது விடிய விடிய ஒப்பாரி சொன்னதும் அம்மாதான். ஒரு வரியைக்கூட நான் எழுதி வைக்கவில்லை. தமிழாசிரியன்! வகுப்பில் நாட்டுப்புறப் பாடல் பாடம் நடத்தினேன். வீட்டில் கேட்டு எழுதத் தோன்றவில்லை. இப்போது ராகம் மட்டும் ஞாபகம் இருக்கிறது, சொல் இல்லை.

நோட்டில் பாதிக்கு மேல் மை கரைந்துவிட்டது. முதல் பக்கத்தில் பெயர் எழுதிய இடம் நீலக் கறையாக இருக்கிறது. ஊர் இருந்த இடத்தில் 'த்தூர்' என்ற கடைசி எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. ஆலத்தூரா, கொளத்தூரா, புத்தூரா, தெரியாது. படிக்க முடிந்ததை எல்லாம் நான் தனித்தாளில் எழுதிக்கொண்டு வருகிறேன். முடியாத இடத்தில் புள்ளி வைக்கிறேன். கைக்கு அரிக்கத்தான் செய்கிறது. எதுகை பார்த்து ஒரு சொல்லைப் போட்டுவிடலாம் போல இருக்கிறது. போடவில்லை.

செயலாளரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன், கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணியிலிருந்து அந்தக் கொட்டகையில் இருப்பேன். நனைந்த புத்தகங்களைப் பிரித்து, காயவைக்க முடிந்ததைக் காயவைக்கலாம். சும்மா இருக்கும் பிள்ளைகளை அனுப்புங்கள். பக்கங்களை இழுத்துப் பிரிக்கக்கூடாது, வெயிலில் நேராகப் போடக்கூடாது, நிழலில் காற்றாட வைக்க வேண்டும், இடையிடையே வெள்ளைத்தாள் வைக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. அதோடு, உங்கள் வீட்டில் பாட்டு தெரிந்த அம்மாவோ அத்தையோ மாமியாரோ இருந்தால், அவர்களுக்குச் சம்மதமானால், அழைத்து வாருங்கள். மாடி ஏறி வர முடியாதவர்கள் என்றால் நானே வீட்டுக்கு வருகிறேன். என் செல்போனில் பதிவு செய்யும் வசதி இருக்கிறது, பேரன் கற்றுக்கொடுத்திருக்கிறான். "எனக்கு என்ன தெரியும்" என்றுதான் எல்லா அம்மாக்களும் முதலில் சொல்வார்கள். கொஞ்சம் காத்திருங்கள்.

நோட்டைப் பற்றி: அந்த அம்மா நம் குடியிருப்பில் இருந்தவரோ, இருப்பவரோ, உங்கள் உறவோ, அல்லது அந்த எழுத்தை உங்களுக்கு அடையாளம் தெரிந்தாலோ சொல்லுங்கள். உரியவர்கள் கேட்டால் உடனே கொடுத்துவிடுவேன். ஒப்பாரிப் பக்கங்களை அவர்கள் வீட்டார் கேட்காமல் யாருக்கும் காட்டமாட்டேன். பச்சை அட்டை, வலது மூலையில் எலி கடித்த தழும்பு, பின்னட்டையில் பால் கணக்கு. இப்போது என் வீட்டு மாடி அறையில், வசம்பு மணக்க, பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் வைத்து, உலர்ந்துகொண்டிருக்கிறது.